ஆடிப்பட்டத்துக்குப் பழைய வாளி கொடுத்து உதவுங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறக்கப் போகிறது. பள்ளித் தொட்டிகளில் குரோட்டன்ஸும் ரோஜாவும் வைப்பதுதான் இதுவரை வழக்கம். இந்த ஆண்டு ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள் காட்டில், அதாவது விளைநிலத்தில், போடும் பயிர்களையே தொட்டியில் வளர்க்கப் போகிறார்கள். நிலக்கடலை, பருத்தி, மஞ்சள் மூன்றும்தான். தொட்டியில் யாராவது கடலை போடுவார்களா என்று சிலர் கேட்டீர்கள். தாராளமாகப் போடலாம்.

கடலை விதைத்து ஒரு மாதம் போல ஆனதும் மஞ்சள் பூ எடுக்கும். பூ வாடிய பின் அதே இடத்திலிருந்து ஊசி போல ஒரு விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்கும். உள்ளே போன பிறகே அதன் நுனி பருத்துக் காயாகும். காட்டில் இதை இலை மறைத்துவிடும். வாளியைத் திண்ணை மேல் தூக்கி வைத்தால் பிள்ளைகள் கண்ணுக்கு நேராகப் பார்க்கலாம். மண் இறுகிப்போனால் விழுது இறங்காது என்பதால் செம்மண்ணோடு மணலும் மக்கிய சாணி எருவும் கலக்கிறோம்.

உங்களில் பலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போகிறீர்கள். பிள்ளைகளுக்கு நூல் தெரியும், துணி தெரியும். காலையில் வெளிர்மஞ்சளாக விரியும் பருத்திப் பூ மறுநாள் ரோஸ் நிறமாக மாறுவதைப் பார்த்தவர்கள் அவர்களில் குறைவு. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

மஞ்சளை மட்டும் ஆனி முடிவதற்குள் ஊன்றிவிட வேண்டும். பாதி நிழலிலும் வரும். கிழங்கு முற்ற மாசியாகும். பொங்கலுக்கு இலையோடு கொத்து கிடைத்துவிடும்.

புதுத் தொட்டி வாங்க வேண்டாம். 20 லிட்டர் பெயிண்ட் வாளியை நன்றாகக் கழுவி, அடியில் நான்கைந்து ஓட்டை போட்டுக் கொடுங்கள். சிமெண்ட் சாக்கு என்றால் உதறி அலசி அனுப்புங்கள். கடையில் விற்கும் பருத்தி விதையில் மருந்து பூசியிருக்கும், அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், ஆசிரியர்களே ஊன்றிக்கொள்வார்கள். ஆமணக்கும் அரளியும் வேண்டாம், இரண்டும் விஷம். வீட்டில் விவசாயம் பார்த்த அப்பாரு, அம்மிச்சி (தாத்தா, பாட்டி) இருந்தால் விதைக்கிற அன்று அவசியம் அழைத்து வாருங்கள்.

செடி பட்டுப்போனால் பிள்ளைக்குத் தெரியாமல் வேறு செடி மாற்றி வைத்துவிடாதீர்கள். ஏன் பட்டது என்று வேரைப் பிடுங்கிப் பார்க்கட்டும்.

அரையாண்டு விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். பள்ளிக்கு அருகில் குடியிருப்பவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்