ஹைபிரிட் பற்றரியை அளந்து எழுத்தில் தாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

"ஹைபிரிட்டா? பற்றரி போனால் காரே போச்சு" என்று யாழ்ப்பாணத்தில் சொல்லாத ஆள் இல்லை. ஹைபிரிட் என்றால் பெற்றோல் என்ஜினும் பற்றரியில் ஓடும் மின்மோட்டரும் சேர்ந்த கார். நான் அப்படியான 2010ஆம் ஆண்டு ரொயோட்டா பிரியஸ் ஒன்றை நெடுங்காலமாக வைத்திருக்கிறேன். அந்தப் பேச்சு சரியில்லை, ஆனால் அது பரவியதற்குக் காரணம் உண்டு. அதைத்தான் எழுத வந்தேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்ப வழி திறந்தது. ஜப்பானிலிருந்து ஏற்கெனவே வந்திருந்த பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட் கார்கள் எல்லாம் இதற்கிடையில் நன்றாக வயதாகிவிட்டன. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் பங்கீட்டு முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் என்று இருந்தபோது இந்தக் கார்கள்தான் பல குடும்பங்களுக்குக் கை கொடுத்தன. புதிது வாங்க எல்லோராலும் முடியாது, ஆகவே இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

பிரியஸின் பெரிய பற்றரி ஒரே துண்டு இல்லை. கராஜில் செல் என்று சொல்லும் 7.2 வோல்ற் கட்டைகள் 28 வரிசையாகச் சேர்ந்து 201.6 வோல்ற் தருகின்றன. ஒன்று தளர்ந்தாலே எச்சரிக்கை விளக்கு எரியும். பல இடங்களில் அந்த ஒன்றை மட்டும் கழற்றி, எங்கிருந்தோ எடுத்த பழைய செல் ஒன்றைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். மற்றச் செல்களும் அதே வயது, அதே வெயில் பட்டவை, மாற்றிப் போட்டது அவற்றோடு சமமாகச் சார்ஜ் ஏறி இறங்கவும் மாட்டாது. கொஞ்ச நாளில் அடுத்தது போகும், திரும்பக் காசு. எனக்கும் இதுதான் நடந்தது. பிறகு வேறொரு கராஜ்காரர் ஒவ்வொரு செல்லுக்கும் லோட் கொடுத்து அளந்து, எண்களைத் தாளில் எழுதித் தந்தார். அதைப் பார்த்த பிறகுதான் முழுப் பற்றரியையும் மாற்றுவது என்று தெளிவாக முடிவெடுக்க முடிந்தது.

பற்றரியைக் கொல்வது சூடு. அதைக் குளிர்விக்கும் விசிறி பின் சீற்றின் பக்கத்திலுள்ள துவாரத்தால் காருக்குள் இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. எங்கள் ஊர்ப் புழுதிக்கு அந்த விசிறி சீக்கிரம் அடைபடும், சேர்விஸுக்கு விடும்போது கழற்றித் துடைக்கச் சொல்லுங்கள். துவாரத்தை மறைத்துப் பையோ போர்வையோ வைக்காதீர்கள். பற்றரியின் மின்சாரத்தை மோட்டருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டருக்குத் தனிக் கூலன்ற் (குளிர்விக்கும் திரவம்) இருப்பதும் பலருக்குத் தெரியாது, என்ஜின் கூலன்றை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

இந்தக் காரில் தூரம் போகப் பயப்படவே வேண்டாம். சித்திரையில் குடும்பத்தோடு ஏ9 வழியாகக் கண்டி போய், கம்பளை, புசல்லாவ, இறம்பொடை ஏறி நுவரெலியா போனோம், ஒரு குறையும் இல்லை. சமவெளியில் ஒரே வேகத்தில் ஓடும்போது ஹைபிரிட்டின் இலாபம் அவ்வளவு தெரியாது, நெரிசலில்தான் தெரியும். இறக்கத்தில் மட்டும் கவனம்: காரின் வேகத்தைக் குறைக்கும்போது பற்றரி சார்ஜ் ஆகும், ஆனால் நிரம்பிய பிறகு அது மேலும் சார்ஜ் எடுக்காது, முழுப் பாரமும் பிரேக்குக்குப் போகும். நீண்ட இறக்கத்தில் கியரை 'B'க்கு (நிறுத்தும்போது போடும் 'P' அல்ல) மாற்றினால் என்ஜின் காரைப் பிடித்துக்கொள்ளும். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுபவர்கள் தயவுசெய்து அதை விடுங்கள். நியூட்ரலில் பற்றரி சார்ஜே ஆகாது, மலையில் ஆபத்தும் கூட.

சரி, என் கோரிக்கைக்கு வருகிறேன். ஹைபிரிட் பற்றரியில் கை வைக்கும் ஒவ்வொரு கராஜும் செல்களின் அளவை, திருத்த முன்னும் பின்னும், எழுத்தில் தர வேண்டும். வாகனக்காரர்களும் அதைக் கேட்டு வாங்காமல் காசு கொடுக்கக் கூடாது. அடுத்தது, கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஏற்கெனவே கராஜ்களில் வேலை செய்யும் பெடியளுக்கு அங்கே ஹைபிரிட் வேலைக்கென்று வார இறுதியில் ஒரு குறுகிய வகுப்பு நடத்தினால் பெரிய உதவி. வேலையை விட்டுவிட்டு மாதக்கணக்கில் படிக்க அவர்களால் முடியாது. பெரிய பற்றரியிலிருந்து வரும் செம்மஞ்சள் வயர்களில் ஓடுவது 200 வோல்ற் நேரோட்டம். அந்த மின்சாரத்தைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றாமலும் கையுறை போடாமலும் அதில் கை வைக்கும் பிள்ளைகளைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

வாசகர் ஒருவர்,
சாவகச்சேரி