துணைக்கு ஒருவர்

அன்புள்ள மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னதையும், உடற்பயிற்சிக்கூடத்தில் ஓராண்டுச் சந்தா கட்டிவிட்டு இரண்டாம் மாதமே போவதை நிறுத்திவிட்டதையும் நீ சொன்னதிலிருந்து அதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். போனில் ஆரம்பித்தால் பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

உனக்கு மன உறுதி போதவில்லை என்று நீயே சொல்லிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். வேலைக்குப் போய்க்கொண்டே முதுகலை முடித்தவள் நீ. உனக்கு வாய்க்காதது துணைதான். ரீனா விங், ராபர்ட் ஜெஃப்ரி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வொன்றில், தனியாக வந்து வழக்கமான எடைக் குறைப்புப் பயிற்சியை மட்டும் பெற்றவர்களில் 24 சதவீதத்தினரே குறைத்த எடையைப் பின்னரும் முழுமையாகக் காத்துக்கொண்டார்கள். நண்பர்களோடு வந்து, ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் பயிற்சியும் பெற்றவர்களில் அது 66 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் இங்கே ரேஸ் கோர்ஸ் சாலையில் நான் காண்பதும் இதையே சொல்கிறது.

விடிவதற்குள் நாங்கள் நான்கு பேர் நடைப்பயிற்சிக்காக அங்கே சேர்ந்துவிடுவோம். எவளாவது வரவில்லையென்றால் போன் செய்வதில்லை, நேரே அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டைத் தட்டுவோம். மார்கழிக் குளிரில் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு ஒருத்தி வாசலில் நிற்கும்போது, போர்வையை இழுத்து மூடிக்கொள்ள யாருக்கு மனம் வரும்? அதற்காக எல்லாக் கூட்டுறவும் நன்மை செய்யும் என்று நினைத்துவிடாதே. உன் அப்பாவின் கூட்டம் ஒரு சுற்று முடிந்ததும் பேக்கரியில் ஒதுங்கி, ஆளுக்கு இரண்டு உளுந்து வடையும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் முடித்த பிறகுதான் கலைகிறது. அவர்களுடைய ஒற்றுமையில் எந்தக் குறையும் இல்லை, தொப்பையிலும் இல்லை.

ஆகையால் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடு. கல்யாண வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி “என்ன கண்ணு, உடம்பு போட்டுட்ட?” என்று விசாரிக்கும் சித்தி, எவ்வளவு பாசமானவர் என்றாலும், இதற்கு உதவமாட்டார். எத்தனை கிலோ குறைந்தாய் என்று கேட்பவரைவிட, நாளை எத்தனை மணிக்கு வருகிறாய் என்று கேட்பவரே உனக்கு வேண்டும், ஏனென்றால் எடை ஒரு வாரம் இறங்கும், மறுவாரம் காரணமே இல்லாமல் நிற்கும், வருவதும் வராததும் மட்டுமே உன் கையில் இருக்கிறது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வர பாதிப் பேருக்கு 66 நாட்கள் வரை ஆகின்றன. சிலருக்கு 18, சிலருக்கு 254 வரைகூட. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக எதுவும் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. இதை உனக்காகவே குறித்து வைத்தேன், ஒரு நாள் தவறினால் மொத்தத்தையும் கைவிடுவது பள்ளி நாட்களிலிருந்தே உன் சுபாவம்.

உன் ஊரான லண்டனிலேயே, 2004இல் புஷி பூங்காவில் 13 ஓட்டக்காரர்களோடு தொடங்கிய பார்க்ரன் என்ற வாராந்தரக் கூட்டு ஓட்டம் இருக்கிறது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஐந்து கிலோமீட்டர், கட்டணம் கிடையாது, நடந்தே முடிக்கலாம். எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பதால் நீ கடைசி ஆளாக வர வழியே இல்லை. உன்னோடு வேலை செய்யும் அந்த மலையாளப் பெண்ணையும் அழைத்துப் போ. அவளும் தனியாகத்தானே இருக்கிறாள்.

எனக்கும் உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். நடப்பதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எங்கள் நால்வரில் யாருக்கும் அது தெரியாது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலுக்குச் சிரமமில்லாமல் செய்யக்கூடியவற்றை நீ செய்துகாட்டி வீடியோ எடுத்து அனுப்பு. சனிக்கிழமை நீ வீடு திரும்பும்போது இங்கே பிற்பகலாகியிருக்கும், நான் தூங்காமல் இருப்பேன். கூப்பிடு, இருவரும் சேர்ந்தே செய்யலாம்.

அன்புடன்,
அம்மா