ஃபோர்த் பாலத்தைப் புயல் தொடவே இல்லையடா

அன்புள்ள மூர்த்தி,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ அனுப்பிய பழைய ஸ்காட்லாந்துப் படங்கள் மூன்றும் வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம், நம் பழைய லீவ் லெட்டர் பாணியில் சொன்னால், "கடும் ஜுரம்". ஆனால் அந்தப் படங்கள் குறிப்போடு அச்சாகி உங்கள் ஊர் மன்றத்துச் சுவரில் ஏறப்போகின்றன என்று பட்டாபி சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

இரண்டாவது படத்துக்கு என்ன எழுதியிருக்கிறாய்? "1879 புயலில் சேதமடைந்த ஃபோர்த் பாலம்." அடப்பாவி! புயலில் விழுந்தது டண்டீயில் இருந்த டே பாலம், 1879 டிசம்பர் 28 இரவு. ஃபோர்த் ரயில் பாலம் இப்போது நிற்கும் குயீன்ஸ்ஃபெரியில் அன்றைக்குப் பாலமே கிடையாது. டே பாலத்தைக் கட்டிய தாமஸ் பௌச்தான் ஃபோர்த் கழிமுகத்துக்கும் தொங்குபாலம் போடுவதாக இருந்தார். அது விழுந்ததும் இதுவும் கைவிடப்பட்டது. அவர் தொடங்கிய செங்கல் தூணின் அடிப்பகுதி மட்டும் இன்னும் இஞ்ச்கார்வி தீவின் ஓரத்தில் நிற்கிறது, உச்சியில் ஒரு சின்ன விளக்கோடு. பிறகு இப்போதைய பாலத்தை வடிவமைத்த ஃபௌலரும் பேக்கரும் ஜனங்களின் பயம் தெளியவேண்டும் என்றே இத்தனை முரட்டு எஃகைக் கொட்டினார்கள் என்று தோன்றும்.

உன் படத்தில் இருப்பது வளர்ந்துகொண்டிருக்கும் பாலம். தேதி சொல்ல இதைவிட வசதியான படம் கிடைக்காது. கடல்மட்டத்திலிருந்து 361 அடி உயரக் கோபுரங்கள் மூன்றும் 1887-இல் எழுந்துவிட்டன. அதன் பிறகு ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் இருபக்கமும் எஃகுக் கைகள் நீண்டு, 1889 இலையுதிர்காலத்தில் ஒன்றோடொன்று சேர்ந்தன. திறப்பு 1890 மார்ச் 4. உன் படத்தில் கோபுரங்கள் முழுசு, கைகள் பாதி. ஆக 1888-ஐ ஒட்டி. கையில் எத்தனை கட்டம் முடிந்திருக்கிறது என்று எண்ணி, கட்டுமானத்தைப் படமெடுத்த ஈவ்லின் கேரியின் தேதி தெரிந்த படங்களோடு ஒப்பிட்டால் மாதக்கணக்கில் நெருங்கலாம். குறிப்பை மாற்று, தயவுசெய்து. தப்பான குறிப்பு ஒரு தடவை சுவரில் ஏறினால் அதைப் பார்த்து நாலு பேர் எழுதுவார்கள். அப்புறம் யாராலும் இறக்க முடியாது.

முதல் படம், தபால் அட்டை. முத்திரையில் 1910 இருப்பதால் படமும் 1910 என்கிறாய். முத்திரை சொல்வது ஒன்றே ஒன்று: படம் அதற்குப் பிந்தியது இல்லை. பின்பக்கத்தை முகவரிக்கும் செய்திக்குமாகப் பிரித்திருப்பதால் அட்டை அச்சானது 1902-க்கு முன்பு இருக்காது. அதுவும் அட்டைக்கான தேதிதான். படம் எடுத்த கண்ணாடித் தகடு அதற்குப் பத்து வருஷம் முந்தியதாகக்கூட இருக்கலாம். பழைய தகட்டிலேயே மேகத்தை வரைந்து, ஆட்களை அழித்து மறுபடி விற்பது அந்தத் தொழிலில் சகஜம். மூலையில் 'ஜே.வி.' என்றும் ஓர் எண்ணும் இருக்கிறதா பார். இருந்தால் டண்டீ வேலண்டைன் நிறுவனத்தின் படம். அவர்களுடைய தொகுப்பு செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, எண்ணைச் சொன்னால் படம் பதிவான ஆண்டு கிடைக்க வாய்ப்புண்டு. 'ஜி.டபிள்யூ.டபிள்யூ.' என்றிருந்தால் ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன் நிறுவனத்தின் படம், அபர்டீன் பக்கம் திரும்பு. அட்டையில் நிற்கும் அம்மாளின் தோளில் உப்பிய சட்டைக்கை 1895 வாக்கில் உச்சத்தில் இருந்த மோஸ்தர். ஆனால் கிராமத்தில் ஒரு நல்ல உடையைப் பத்து வருஷம் போடுவார்கள், அதை வைத்துப் பந்தயம் கட்டாதே.

மூன்றாவது, கடைத்தெரு. முதலில் கேமரா நின்ற இடத்தைக் கண்டுபிடி. படத்தில் ஒன்றன் பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் இரண்டு பொருள்கள், ஒரு புகைபோக்கியும் பின்னால் ஒரு கோபுரமும் என்று வைத்துக்கொள், அவற்றை 1:2,500 அளவுள்ள ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டன் அரசின் நில அளவைத் துறை) வரைபடத்தில் குறித்துக் கோடு இழு. இப்படி இரண்டு ஜோடி. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கேமரா. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இந்த வரைபடங்களை இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. பிறகு எந்தக் கட்டடம் எந்தப் பதிப்பில் வருகிறது, எதில் காணோம் என்று பார். வடக்குச் சுவரில் வெயில் விழுந்திருந்தால் கோடைக்காலத்துக் காலையோ மாலையோதான். அப்புறம் பெயர்ப்பலகை: 1855 முதல் ஆண்டுதோறும் எழுதிய வரிமதிப்புப் பட்டியலில் சொந்தக்காரர், குடியிருப்பவர் இருவர் பெயரும் உண்டு. கடைக்காரர் பெயர் எந்த ஆண்டு நுழைந்து எந்த ஆண்டு போகிறது என்று பார்த்தால் இரண்டு பக்கமும் வேலி போட்டாயிற்று. ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் 1964-இல் திறந்த சாலைப்பாலம் தெரியவில்லை, ஆகவே 1964-க்கு முன் என்று மட்டும் எழுதிவிடாதே. கேமரா கிழக்கே பார்த்து நின்றால் அது எப்படித் தெரியும்?

ஸ்கேன் 600 டிபிஐ போதும், பலகை எழுத்துக்கு மட்டும் 1200. லென்ஸில் பார்த்து அட்டையில் அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் அதற்கு மேல் ஏற்றிப் பிரயோஜனம் இல்லை, புள்ளிதான் பெரிசாகும். பாலத்துப் படம் முட்டைவெள்ளைக்கரு பூசிய தாளாகத் தெரிகிறது, ஓரம் மஞ்சளித்துச் சுருள்வது அதனால்தான். அமுக்கி நிமிர்த்தாதே, வெடிக்கும். பின்னால் மென்பென்சிலில் மட்டும் எழுது. பி.வி.சி. உறையை எறிந்துவிட்டு பாலியெஸ்டர் உறை வாங்கு.

அச்சுக்கு எப்போது போகிறது? அதற்குள் அட்டையின் மூலையைப் பெரிசாக்கி ஒரு படம் அனுப்பு. பட்டாபியை எடுக்கச் சொல்லாதே, கட்டைவிரல்தான் வரும்.

அன்புடன்,
குமார்