மச்சான், அந்த ஸ்டாண்டைக் கொஞ்சம் கீழ இறக்கு

மச்சான்,

மானுக்கு வில்லோட காத்திருக்க நீ மரத்தில கட்டின ஸ்டாண்டின்ர ஃபோட்டோ பாத்தன். மேப்பிள் மரம், ஏணி, உச்சியில குட்டியா ஒரு சீட், கீழ "22 அடி!!" எண்டு பெருமையா வேற எழுதியிருக்கிறாய். வாட்ஸ்அப்பிலயே பதில் போட்டிருக்கலாம்தான், ஆனா வொய்ஸ் மெசேஜில கணக்குச் சொன்னா நீ பாதியில நிப்பாட்டிப்போட்டுப் போயிடுவாய் எண்டு தெரியும், அதோட உன்னோட சேந்து ஒன்டாரியோவில வில்லுத் தூக்கத் தொடங்கின மற்றப் பொடியளும் ஸ்டாண்டை எவ்வளவு உயரத்தில கட்டுறது எண்டுதான் கேக்கிறாங்கள், அதால எல்லாருக்கும் சேத்து இங்கயே எழுதுறன். கொழும்பு வெள்ளவத்தையில ஃபேனுக்குக் கீழ இருந்துகொண்டு கனடா மானுக்கு யோசனை சொல்லுறான் எண்டு நக்கலடிப்பாய், அடி. நானும் அந்தக் குளிருக்குள்ள மரத்தில குந்தியிருந்த ஆள்தான். இங்க வந்தாப் பிறகு வில்லு மட்டும்தான் மிச்சம், மானில கை வைச்சா 1937ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில உள்ளுக்குத் தள்ளிப்போடுவாங்கள்.

அந்த 22 அடி எங்கயிருந்து வந்தது எண்டு எனக்குத் தெரியும். யூடியூபில காம்பவுண்ட் வில்லோட நிக்கிறவங்கட உயரம் அது. அவங்கட வில்லில கப்பி இருக்கு, குறிபாக்கிற சைட் பின் இருக்கு, கோணத்தையும் பாத்துத் தூரம் சொல்லுற ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கு, முழுசா இழுத்தாப் பிறகு பாரம் குறைஞ்சு போறதால மான் திரும்புமட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்கலாம், 30 யார்ட்டில அடிச்சுப்போட்டு வீடியோ போடுவாங்கள். உன்னட்ட இருக்கிறது ரீகர்வ், கப்பியில்லாத, நுனி வளைஞ்ச சாதா வில்லு. ஒன்டாரியோச் சட்டத்துக்கு 18 கிலோ இழுவை இருந்தா மான் வேட்டைக்குக் காணும், ஆனா சைட் இல்லாம கண்ணையும் கையையும் நம்பி அடிக்கிறவனுக்கு 15 யார்ட், மிஞ்சினா 20. கிட்டத்தில அடிக்கப்போறவனுக்கு ஸ்டாண்டின்ர உயரம் கூடக்கூட அம்பு செங்குத்தாத்தான் இறங்கும், சிக்கல் முழுக்க அதிலதான் இருக்கு.

கொஞ்சம் கணக்குப் பாப்பம், பயப்பிடாத. உன்ர 22ஐ விட்டிட்டு 20 எண்டே வைப்பம். 20 அடியில எழும்பி நிண்டா அம்பு வெளிக்கிடுறது நிலத்தில இருந்து ஏறக்குறைய 25 அடியில. மான்ர நெஞ்சு ரெண்டரை அடி உயரத்தில எண்டு வை. மான் 10 யார்ட்டில, அதாவது 30 அடியில வந்து நிண்டா அம்பு 37 டிகிரியில கீழ போகுது. அதே மான், அதே இடம், ஸ்டாண்ட் மட்டும் 12 அடி எண்டா 26 டிகிரி. மான் 20 யார்ட்டில நிண்டா 21 டிகிரியும் 14 டிகிரியும், வித்தியாசம் அவ்வளவு உறைக்காது. ஆனா உனக்கு வாற நல்ல சான்ஸ் எல்லாம் கிட்டத்திலதான் வரும், மரத்துக்கு அடியிலயே வந்து நிக்கிற மானும் இருக்கு, அதுக்கு மேல இருந்து அடிக்கவே அடிக்காத.

37 டிகிரியில என்ன நடக்கும் எண்டதைப் பிலியந்தலையில ஒரு ஃப்ரெண்ட் வீட்டில செய்து பாத்தம். அவன்ர வீட்டில கொங்கிரீட் தண்ணி டேங்க் ஸ்டாண்ட் ஒண்டு இருக்கு, நல்ல உயரம். அரிசி உரப்பையில பழந்துணி அடைச்சு மான்ர உடம்பளவுக்குக் கட்டி, ரெண்டு பக்கமும் சாப்பாட்டுக் கோப்பையை வைச்சு ஒரே மட்டத்தில வட்டம் கீறினம், ஒரு பக்கத்துக்கு ஒரு நுரையீரல் எண்டு கணக்கு. டேங்குக்குப் பக்கத்தில நிண்டு அடிச்சா அம்பு இந்தப் பக்க வட்டத்துக்குள்ள நடுவாப் போகுது, போய்ப் பாத்தா மற்றப் பக்கம் வட்டத்துக்குக் கீழ, வயித்தடியில முனை எட்டிப் பாக்குது. ஏணியில பாதிக்கு இறங்கி அடிச்சா ரெண்டு வட்டமும் ஓட்டை. அவ்வளவுதான் மச்சான். ஒரு நுரையீரல் மட்டும் அடிபட்ட மான் நிக்காம ஓடும், கனதூரம் ஓடும், ராத்திரி முழுக்க டோர்ச் அடிச்சுத் தேடினாலும் கிடைக்காமப் போகலாம், எங்கயோ கிடந்து துடிச்சுச் சாகும். உயரம் பாக்கிறது எனக்கு முதல்ல அந்த மானுக்காகத்தான்.

அடுத்தது உன்ர உடம்பு. மேல இருந்து அடிக்கேக்க எல்லாரும் வில்லுக் கையை மட்டும் கீழ இறக்குவினம், அப்ப தோள் குழம்பும், இழுவை குறையும், விரல் கன்னத்தில வந்து நிக்கிற இடம் மாறும், சைட் இல்லாத உனக்கு அந்த இடம்தானே சைட். முதல்ல நேரா நிண்டு இழு, பேந்து இடுப்பில வளை. 12 அடியில கொஞ்சம் வளைஞ்சாக் காணும், 22 அடியில கிட்ட நிக்கிற மானுக்கு ரெண்டா மடிய வேணும், அதுவும் தடிச்ச ஜாக்கெட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு. லோங்போ, அதான் நீட்டு வில்லு, வாங்கப்போறன் எண்டியே, 66 இஞ்சி வில்லெண்டா அஞ்சரை அடி, கீழ் நுனி சீட்டிலயோ கைப்பிடியிலயோ உன்ர முழங்காலிலயோ தட்டும், ஏறின உடன எல்லாப் பக்கமும் ஒருக்கா இழுத்துப் பாத்திடு.

உயரத்தால நன்மையே இல்லையோ எண்டா இருக்கு. நீ வில்லை இழுக்கிற அசைவை மான் காணுறது குறையும், அதைவிட மணம் கொஞ்சம் மேலால போகும் எண்டும் சொல்லுவாங்கள். மணத்தை நம்பாத. விடிய வெயில் ஏறக் காத்து மேல எழும்பும், பின்னேரம் குளிரக் குளிரக் கீழ இறங்கும், பின்னேர வேட்டையில உன்ர மணம் மரத்தால வழிஞ்சு மானிட்டயே போகும், 30 அடியில இருந்தாலும் அதுதான் கதி. அசைவை மறைக்கிறதுக்கு உயரத்தை விட நல்ல வழி பின்னணி. ஒக்டோபர் கடைசியில உன்ர மேப்பிள் இலை முழுக்கக் கொட்டிப்போடும், அதுக்குப் பிறகு அந்த உச்சியில நீ வெறும் வானத்தில அப்பின கறுப்புப் பொட்டு. அதால இலை கொட்டாத சீடர், ஹெம்லொக் பக்கம் போ, இல்லாட்டி ரெண்டு மூண்டு அடிமரம் சேந்து நிக்கிற இடமாப் பாரு, முதுகுக்குப் பின்னால தடிப்பா ஏதும் இருந்தா 12 அடியில இருந்தாலும் காணமாட்டுது. மான் வாற பக்கம் மேடெண்டா மட்டும் கொஞ்சம் ஏறு, ஏனெண்டா மேட்டில நிக்கிற மானுக்கு உன்ர 12 அடி கண்மட்டத்தில இருக்கும். நான் சொல்லுறது 12 தொடக்கம் 15 வரை, அதுக்குள்ள எது எண்டதை மரம் சொல்லும். வன்னியில சேனைக் காவலுக்குப் பரண் உயரத்தில கட்டினவை யானைக்குப் பயந்து கட்டினவை, உனக்கு அங்க என்ன யானையா வரப்போகுது?

12 அடிதானே எண்டு ஹார்னஸ், அதான் உடம்பில மாட்டுற பாதுகாப்புப் பட்டி, போடாம மட்டும் ஏறிடாத, முள்ளந்தண்டு உடைய அந்த உயரம் தாராளம். ஆக்கள் விழுறது கனக்க ஏணியால ஏறேக்கயும் இறங்கேக்கயும், சீட்டுக்கு மாறேக்கயும்தான், அதால மரத்தோட மேலயிருந்து கீழமட்டும் கட்டின லைஃப்லைன் கயித்தில நிலத்தில இருந்தே ஹார்னஸைக் கொழுவிக்கொண்டு ஏறு, மரத்தில கட்டுற பட்டி தலைக்கு மேல இருக்கவேணும். வில்லைக் கையில கொண்டு ஏறாத, மேல போய்க் கயித்தால இழு, அம்புமுனைக்கு மூடி போட்டிருக்கோணும்.

இடம் மாத்தினாப் பிறகு ஃபோட்டோ அனுப்பு, ஆனா அடிமரத்தில நிண்டு அண்ணாந்து எடுத்த ஃபோட்டோ வேண்டாம். மான் வாற பாதையில 15 யார்ட்டில போய்க் குந்து, மான்ர கண் அளவுக்குப் ஃபோனைப் பிடிச்சு, மேல உன்ர மனிசியையோ ஆரையோ இருத்திப்போட்டு எடு, அவவுக்கும் ஹார்னஸ் போட்டுத்தான். ஆளுக்குப் பின்னால தெரியுறது வானமோ மரமோ எண்டு பாத்துச் சொல்லுறன்.