பம்ப் வேண்டாம், சரி, சக்தியுமா வேண்டாம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

செடிகளைப் பார்த்துச் செய்த நுண்குழாய் ரியாக்டர் (மெல்லிய குழாய்களுக்குள் ரசாயன வினையை நடத்தும் சாதனம்) பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். “மரம் செலவில்லாமல் தண்ணீரை உச்சிக்கு ஏற்றுகிறது, இந்தச் சாதனமும் சக்தியே இல்லாமல் இயங்கும்” என்று ஒரு வரி. நல்லது. இனி மின் நிலையங்களை எல்லாம் மூடிவிடலாம்.

மெல்லிய குழாயில் திரவத்தைத் தானாக ஏறவைக்கும் தந்துகி விசை எவ்வளவு தூரம் ஏற்றும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 0.1 மில்லிமீட்டர் விட்டமுள்ள சைலம் என்னும் மரத்தின் நீர்க்குழாயில் தண்ணீர் தானாக ஏறுவது சுமார் 30 சென்டிமீட்டர். 100 மீட்டரைத் தாண்டும் ரெட்வுட் மரத்துக்கு அது எந்த மூலைக்கு? இலையில் நீர் ஆவியாகும்போது, வேர்வரை அறுபடாமல் நிற்கும் நீர்த்தம்பம் மேலே இழுபடுகிறது என்று டிக்சன், ஜோலி என்ற இரு விஞ்ஞானிகள் 1894-லேயே சொல்லிவிட்டார்கள். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வேண்டும். மரத்துக்குச் சூரியன் கொடுக்கிறது. ரியாக்டருக்கு? குழாய் நிரம்பியதும் தந்துகி ஓட்டம் நின்றுவிடும். மறுமுனையில் திரவம் ஆவியாக வேண்டும், இல்லையென்றால் எதிலாவது உறிஞ்சப்பட வேண்டும். இதைச் சொல்லக் கட்டுரையில் இடமில்லை. பச்சை இலைப் படத்துக்கு அரைப் பக்கம் இருந்திருக்கிறது.

முன்பு ‘செயற்கை இலை’ கட்டுரைக்கும் இதே இலையைத்தான் போட்டீர்கள். அப்போது எழுதிய கடிதத்துக்குப் பதிலே இல்லை. மயிர் பருமனுள்ள குழாயை ‘நானோ’ என்று எழுதியதையும் பொறுத்துக்கொண்டேன்.

ரசாயன ஆலையில் ஹைட்ரஜனேற்றப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். வினையை வேகப்படுத்தும் வினையூக்கி அங்கே பல்லேடியம் ஏற்றிய கரித்தூள். அதை வடிகட்டி எடுக்கும்போது காயவே கூடாது; காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும். ஷிஃப்ட் முடிகிற நேரம் பார்த்து ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். ஈரம் போகாமல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே நிற்போம். மேலே இருப்பவர்களுக்கு உற்பத்திக் கணக்குதான் கவலை. இந்த ரியாக்டரில் செய்வதுபோல வினையூக்கியைக் குழாய்ச் சுவரிலேயே ஒட்டவைத்தால் இந்தத் தொல்லையே கிடையாது. அப்புறம், விட்டம் பத்தில் ஒன்றானால் மூலக்கூறு பரவிச் சுவரை அடையும் நேரம் நூறில் ஒன்றாகிறது. செய்தியே இதுதான். தங்கள் கட்டுரையாளர் இதற்குக் கொடுத்தது ஒற்றை வரி. ஒட்டிய வினையூக்கி நாளடைவில் செத்துப்போனால் குழாயையே கழற்ற வேண்டுமே, அதற்கு அந்த ஒற்றை வரியும் இல்லை.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. “சக்தியே இல்லாமல்” என்பதைப் “பம்ப் இல்லாமல்” என்று திருத்தி அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள். குறுக்கெழுத்துக்குக் கீழே இடம் கிடைத்தாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்