கனடாப் போனும் எங்கள் ஊர்க் கோபுரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் ரெலிபோன் கம்பி வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் நான். ஓய்வுபெற்று வீட்டில் இருந்தாலும் அயலட்டை விடுவதில்லை. "அண்ணை, போன் இரையுது", "ஐயா, மணி அடிக்குதில்லை" என்று யாராவது படலையைத் தட்டுவார்கள். போன மாதம் பாலையூற்றிலிருந்து ஓர் அக்கா பெரிய பெட்டியோடு வந்தார். ஸ்காபரோவில் இருக்கும் மகள் அனுப்பிய கோட்லெஸ் போன். "பிளக் மட்டும் பொருந்துதில்லை தம்பி, மாத்தித் தாங்கோ" என்றார்.

பொருந்தாதது நல்லதாகப் போயிற்று. அடப்டரில் 120 வோல்ட் என்று மட்டுமே போட்டிருந்தது. எங்கள் சுவரில் வருவது 230. செருகியிருந்தால் புகைதான் மிச்சம். அதுகூடப் பரவாயில்லை, வேறு அடப்டர் கடையில் கிடைக்கும். என்னை யோசிக்க வைத்தது பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருந்த 'டெக்ட் 6.0' என்ற பெயர். கோட்லெஸ் போனின் கைக்கருவியும் அதன் அடிப்பெட்டியும் கம்பியில்லாமல் அலையில் பேசும் ஒரு முறைதான் டெக்ட்.

ஆறாவது தலைமுறைக் கருவி என்று எண்ணத் தோன்றும். அது வட அமெரிக்கச் சந்தைக்காக வைத்த வியாபாரப் பெயர், அவ்வளவுதான். ஐரோப்பாவில் டெக்ட் போன்கள் 1880 முதல் 1900 மெகாஹேர்ட்ஸ் வரையான அலைவரிசைப் பட்டையில் பேசுகின்றன. அமெரிக்காவில் அந்த இடத்தைக் கைத்தொலைபேசிகள் முன்னரே பிடித்துவிட்டதால், கோட்லெஸ் போனுக்கு 1920 முதல் 1930 வரை கொடுத்தார்கள். எங்கள் பக்கத்திலோ, 3ஜி வந்தபோது 1920 முதல் 1980 வரை கைத்தொலைபேசிகள் கோபுரத்தை நோக்கிப் பேசும் பாதையாயிற்று. 3ஜி போய் 4ஜி வந்தாலும் அந்தப் பட்டை கைத்தொலைபேசிக்கு உரியதுதான்.

கோபுரம் தூரத்திலுள்ள கைத்தொலைபேசியின் மெல்லிய குரலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டு மேசையில் இருக்கும் இந்தப் போன் அதே காதுக்குள் கத்துகிறது. யாரும் பேசாத வேளையிலும் அதன் அடிப்பெட்டி தன் கைக்கருவிகளுக்காக அலை வீசிக்கொண்டேயிருக்கும். கோபுரத்துக்கு இரைச்சல் கூடும், சுற்றியுள்ளவர்களின் அழைப்பு அறுந்து போகும். அக்காவுக்கோ போன் அருமையாக வேலை செய்யும்! அதனால்தான் இப்படியான கருவியைப் பற்றி முறைப்பாடு அதன் சொந்தக்காரரிடமிருந்து ஒருநாளும் வராது. அழைப்பு அறுந்தவர் கைத்தொலைபேசிக் கம்பனியைத் திட்டுவார், கம்பனி ஆட்கள் கோபுரத்தில் ஏறிப் பிழை தேடுவார்கள். அவுஸ்திரேலியாவில் இந்த வகைப் போனைப் பாவிக்கக் கூடாது என்றே வைத்திருக்கிறார்கள்.

பழைய 900 மெகாஹேர்ட்ஸ் அமெரிக்கப் போன்களும் இதே கதைதான். 902 முதல் 928 வரையான அந்தப் பட்டையை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கைத்தொழில், விஞ்ஞான, மருத்துவக் கருவிகளுக்கெனத் திறந்துவிட்டது அமெரிக்கக் கண்டங்கள் அடங்கிய இரண்டாம் வலயத்துக்கு மட்டும். இலங்கை மூன்றாம் வலயம், இங்கே அந்தப் பட்டை இந்தப் போன்களுக்குத் திறந்ததல்ல.

போனோடு வரும் கைநூலின் கடைசிப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை. ஆங்கிலமும் பிரெஞ்சும், அதுவும் எறும்பு எழுத்தில். அமெரிக்க விதிகளின் பகுதி 15 அங்கே இரண்டு நிபந்தனைகளைச் சொல்கிறது: இந்தக் கருவி பிறருக்குக் கேடான இடையூறு செய்யக்கூடாது, தனக்கு வரும் இடையூறு எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதின் பொருளை நான் யுத்த காலத்தில் உப்புவெளி வீடொன்றில் கற்றேன். ரிசீவரைத் தூக்கினால் உள்ளே யாரோ செய்தி வாசிப்பது கேட்கும். காலம் அப்படி, யாரோ ஒட்டுக் கேட்கிறார்கள் என்று வீட்டுக்காரர் பயந்து, பல நாள் போனைத் தொடவேயில்லை. போய்ப் பார்த்தால் நிலாவெளிப் பக்கத்து மத்திய அலை வானொலி! வானொலியில் ஒரு பிழையும் இல்லை. கடல் உப்புக்காற்றில் பச்சை பூத்த கம்பி இணைப்பு ஒன்று தானே ஒரு ரேடியோவாக மாறியிருந்தது. வெட்டிப் புதிதாக முறுக்கி, லைனுக்குக் குறுக்கே சின்னக் கொண்டென்சர் (மின்தேக்கி) ஒன்று போட்டதும் செய்தி நின்றது.

மணி விஷயமும் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது. ஒவ்வொரு போனும் மணியடிக்க எவ்வளவு சக்தி இழுக்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. ஒரு லைனில் தொங்கும் எல்லாப் போன்களின் எண்களையும் கூட்டினால் பொதுவாக ஐந்தைத் தாண்டக் கூடாது. அமெரிக்க லேபலில் நீளமான குறியீட்டின் நடுவே இரண்டு இலக்கங்களாக அதை ஒளித்து வைத்திருப்பார்கள், 03 என்றால் 0.3. பழைய இரும்பு மணிப் போன் ஒன்றே ஏறக்குறைய 1. விடுதியொன்றில் அப்படி ஆறு போன்களை ஒரே லைனில் கட்டிவிட்டு, ஒன்றும் ஒழுங்காக அடிக்கவில்லை என்று என்னோடு சண்டைக்கு வந்தார்கள். இப்போது ஃபைபர் ரவுட்டரின் பின்னால் போனைச் செருகுகிறோம். ரவுட்டர் தரும் மணிச்சக்தி பழைய எக்ஸ்சேஞ்ச் தந்ததைவிடப் பெரும்பாலும் குறைவு என்பதையும் கவனிக்க வேண்டும்.

எங்களுக்கும் சட்டம் உண்டு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டம், 1996 திருத்தத்தோடு வந்த ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, இறக்குமதிக்கும் விற்பனைக்கும் அனுமதி முறை எல்லாம் இருக்கின்றன. ஆனால் பிள்ளைகள் அன்போடு அனுப்பும் பார்சலுக்குள் இருக்கும் போனுக்குச் சட்டப் புத்தகம் தெரியாது. தாய்மாருக்கும் தெரியாது. ஆகவே ஆணைக்குழுவிடம் நான் கேட்பது பெரிய காரியமல்ல. வெளிநாட்டுப் பார்சல் கொடுக்கும் இடங்களிலும் போன் கடைகளிலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாள் ஒட்டுங்கள். 120 வோல்ட், 902–928, 1920–1930 ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் போட்டு, பெட்டியில் இவை இருந்தால் செருகுமுன் கேளுங்கள் என்று எழுதினால் போதும். கடைக்காரர்களும் தாங்கள் விற்கும் போனுக்கு இங்கே அனுமதி உண்டா என்று கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டவேண்டும். நான் கேட்ட ஒரு கடையில், "ஐயா, டயல்ரோன் வந்தா சரிதானே" என்றார்கள்.

அக்காவுக்கு என்னிடமிருந்த பழைய வயர் போனைக் கொடுத்தேன். மனம் ஆறவில்லை, மகள் அனுப்பியது என்ற கவலை. அவர் பெட்டி என் அலுமாரியில் இருக்கிறது. பிள்ளை அடுத்த முறை கோணேசர் கோயில் திருவிழாவுக்கு வரும்போது திருப்பிக் கொண்டு போகட்டும். அங்கே அது நல்ல போன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரெலிபோன் கம்பிப் பணியாளர்,
உவர்மலை, திருகோணமலை.