டிஸ்அக்ரீ என்று தயங்காமல் சொல்

அன்புள்ள மகளுக்கு,

மீட்டிங்கில் ஒருவர், வேலையை முடிக்க இத்தனை நாள் போதும் என்று சொன்ன கணக்கு சரியில்லை என்று தெரிந்தும், எப்படி மறுப்பது என்று தயங்கிப் பேசாமல் இருந்துவிட்டேன் என்றாயே, அது எனக்கு மனசே கேட்கவில்லை. விஷயம் தெரிந்தவள் நீ. ஒரு ஆங்கிலச் சொல்லுக்காக வாயை மூடிக்கொள்ளலாமா?

'ஐ டிஸ்அக்ரீ' என்றால் எனக்கு இதில் உடன்பாடில்லை, அவ்வளவுதான். சண்டைக்கு இழுப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 'ஐ ஆம் டிஸ்அக்ரீ' என்று மட்டும் சொல்லிவிடாதே, அது வினைச்சொல், நடுவில் 'ஆம்' வராது. ஆளுக்கும் கருத்துக்கும் 'வித்' போட வேண்டும். எதைப் பற்றி என்று சொல்ல 'அபவுட்', 'ஆன்' இரண்டும் சரி.

அந்த 'வித்'துக்கு அடுத்து எதை வைக்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஐ டிஸ்அக்ரீ வித் யூ' இலக்கணப்படி சரி. ஆனால் கேட்பவருக்குத் தன்னையே மறுக்கிறாள் என்று சுருக்கென்று இருக்கும். 'ஐ டிஸ்அக்ரீ வித் தட் எஸ்டிமேட்' என்று சொல்லிப் பார், பேச்சு ஆளை விட்டு எஸ்டிமேட்டுக்கு, அதாவது அந்த நாள் கணக்குக்குப் போய்விடும். டெஸ்டிங்குக்கு நாளே ஒதுக்கவில்லை என்ற காரணத்தையும் கையோடு சொல்லிவிடு. முன்னால் 'ஐம் அஃப்ரெய்ட்' சேர்த்தால் கொஞ்சம் பதமாக இருக்கும். அங்கே அதற்குப் பயம் என்று பொருளில்லை. அப்புறம், யாராவது 'ஐ குடன்ட் அக்ரீ மோர்' என்றால் மறுக்கிறார் என்று நினைத்துவிடாதே. அது முழுச் சம்மதம்!

மனுஷரே இல்லாத இடத்திலும் இந்தச் சொல் வரும். இரண்டு ரிப்போர்ட்டில் எண்கள் ஒத்துப்போகாவிட்டால் 'த ஃபிகர்ஸ் டிஸ்அக்ரீ'. சாப்பிட்டது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் இதே சொல்தான்.

'டிஸ்அக்ரீயபிள்' கதை வேறு. பழகவே பிடிக்காத, கடுகடுவென்றிருக்கும் ஆளை அப்படிச் சொல்வார்கள். 'அக்ரீ' பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல். அதன் லத்தீன் வேருக்கு மனதுக்கு உகந்தது என்று பொருள். அந்தப் பழைய வாசனை 'டிஸ்அக்ரீயபிள்'லில் இன்னும் இருக்கிறது. மாற்றுக் கருத்து சொன்னால் அந்தப் பெயர் வந்துவிடுமோ என்பதுதான் உன் பயம் என்று நினைக்கிறேன். வராது, கண்ணு. இதமாகப் பேசுகிற யாரும் தாராளமாக மறுக்கலாம்.

'லெட்ஸ் அக்ரீ டு டிஸ்அக்ரீ' என்று அவர்கள் முடிக்கப் பார்த்தால் உடனே தலையாட்டாதே. ரசனையோ நம்பிக்கையோ என்றால் அவரவர் கருத்து அவரவருக்கு என்று விட்டுவிடலாம். தேதி குறிக்க வேண்டிய இடத்தில் அப்படி எழுந்து போனால், தப்பான தேதியே நிலைத்துவிடும். அப்புறம் ராத்திரி உட்கார்ந்து அதை முடிக்கப்போவது உங்கள் டீம்தான்.

அன்புடன்,
அம்மா